கடைசி இடத்துக்கு அப்புறம் என்ன?

மே மாதம் பத்தாம் வகுப்பு ரிசல்ட் வரும் நாளில் மாவட்டப் பட்டியலைக் கீழேயிருந்து மேலே படிக்க வேலூர்க்காரர்கள் பழகிவிட்டார்கள். 2024இல் வேலூர் 82.07 சதவீதம், 38 மாவட்டங்களில் 38ஆவது. 2025இல் 85.44, அப்போதும் 38தான். 2023இல் அந்த இடத்தில் ராணிப்பேட்டை இருந்தது. 2019 நவம்பர் வரை அதுவும் வேலூர் மாவட்டம்தானே! பழைய வட ஆற்காட்டுக்கு இந்த இடம் பிதுரார்ஜித சொத்து மாதிரி ஆகிவிட்டது.

இந்த இரண்டு வருட எண்களையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வேலூர் ஒரே ஆண்டில் 3.37 புள்ளி ஏறியிருக்கிறது. மாநிலச் சராசரி 91.55லிருந்து 93.80 ஆனது, அதாவது 2.25 புள்ளி. மாநிலத்தைவிட வேகமாக ஏறிய மாவட்டம் பட்டியலில் நின்ற இடத்திலேயே நிற்கிறது. இடத்தை வைத்து அளந்தால் இப்படித்தான். 38 மாவட்டமும் 98 சதவீதத்தைத் தொட்டாலும் ஒன்று 38ஆவதாக இருந்தே தீரும்.

இங்கே பேச வேண்டியது அதற்கு அடுத்த கட்டம். ஒரு அரசுப் பள்ளி தடுமாறுகிறது என்று அரசுக்கு எப்படித் தெரிகிறது? தெரிந்த பிறகு அந்தப் பள்ளிக்கு என்ன வந்து சேர்கிறது? முதல் கேள்விக்கு நம்மிடம் தேவைக்கு மேலேயே ஏற்பாடு இருக்கிறது. இரண்டாவது கேள்விக்குத்தான் பதில் திக்கித் திணறி வரும்.

மேலேயிருந்து வருவோம். ஒன்றியக் கல்வி அமைச்சகம் 2017-18 முதல் மாநிலங்களுக்கு 1000 புள்ளிக்கு மதிப்பெண் போடுகிறது. செயல்திறன் தரக் குறியீடு, சுருக்கமாக பி.ஜி.ஐ. என்பார்கள். 2019-20 மதிப்பீட்டில் தமிழ்நாடு, கேரளம், பஞ்சாப், சண்டிகர், அந்தமான் ஐந்தும் உச்ச தரத்தில் இருந்தன. மாவட்டங்களுக்குத் தனியாக ஒன்று உண்டு: 83 குறியீடுகள், 600 புள்ளி. அந்த 600இல் விளைவுகளுக்கு 290. மிச்சமுள்ளது வகுப்பறைச் செயல்பாடு, கட்டட வசதி, பாதுகாப்பு, டிஜிட்டல் கற்றல், நிர்வாகம் என்று பிரிந்துபோகிறது. நிர்வாகத்துக்கு மட்டும் 84. வருகைப் பதிவைக் கணினியில் ஏற்றுவதற்கும் புள்ளி, பாடம் புரிவதற்கும் புள்ளி. முதல் வகுப்பில் தேறிய மாநிலத்துக்குள் பாதிப் பிள்ளைகள் வாசிக்கத் திணறும் பள்ளி ஒன்று இருக்க முடிவது இதனால்தான்.

பிள்ளைகள் எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்று பார்க்கும் அடைவுத் தேர்வுகள் இன்னொரு வகை. 2017, 2021 தேசிய அடைவுத் தேர்வுகளும் 2024 டிசம்பர் 4ஆம் தேதி நடந்த ‘பரக்’ கணக்கெடுப்பும் மாதிரிப் பள்ளிகளில் எடுக்கப்பட்டவை. அவை மாவட்டத்தைப் பற்றி நல்ல செய்தி தரும். கே.வி.குப்பம் ஒன்றியத்தில் எந்த நடுநிலைப் பள்ளிக்கு உதவி வேண்டும் என்பதை அவற்றால் சொல்ல முடியாது. அதற்காக அவை உருவாக்கப்படவும் இல்லை. அப்படியிருந்தும் அந்த அறிக்கை வந்ததும் எல்லாப் பள்ளிக்கும் ஒரே சுற்றறிக்கை போகிறது. ஊருக்கே காய்ச்சல் மாத்திரை கொடுப்பது போலத்தான்.

பள்ளி தன்னைத் தானே மதிப்பிடும் ‘ஷாலா சித்தி’ 2015இல் வந்தது. ஏழு களங்கள், ஒவ்வொரு தரத்துக்கும் 1, 2, 3 என்று நிலை. யோசனை நல்லது. ஆனால் ஒரு தலைமை ஆசிரியர் உண்மையாக ‘1’ போட்டால் என்ன கிடைக்கும்? கூடுதல் ஆசிரியர் வரமாட்டார், நிதி வராது. ஏன் 1 என்று கேள்வி மட்டும் வரும். அதனால் பேனா தானாகவே 2க்கும் 3க்கும் போகும்.

கடைசியில் பள்ளிக்கு வலிக்கும்படி விழுவது ஒரே ஒரு அளவுகோல்தான்: பொதுத்தேர்வுத் தேர்ச்சி சதவீதம். ஜூனில் ஒரு கோடு கிழிக்கப்படும். அதற்குக் கீழே உள்ள பள்ளிகளின் தலைமை ஆசிரியர்கள் ஆய்வுக் கூட்டத்துக்கு வர வேண்டும். பாட ஆசிரியர்கள் எழுத்தில் விளக்கம் தர வேண்டும். சில இடங்களில் மெமோ, அதற்கு மேலே 17 ஏ என்ற ஒழுங்கு நடவடிக்கை. பிறகு மாலை வகுப்பு, ஸ்லிப் டெஸ்ட், ‘மெல்லக் கற்போர்’ பட்டியல். அந்த விளக்கக் கடிதங்களைப் படித்தவர்களுக்குத் தெரியும், எல்லாம் ஒரே அச்சு: மாணவர் வருகை குறைவு, பெற்றோர் ஒத்துழைப்பு இல்லை, வரும் ஆண்டில் நூறு சதவீதம் உறுதி.

இந்த அளவுகோலில் மூன்று ஓட்டைகள் உண்டு.

முதலாவது, சின்னப் பள்ளி. ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம்: ஒரு பள்ளியில் 22 பேர் தேர்வு எழுதி 16 பேர் தேறினால் 72.7 சதவீதம், சிவப்புக் கோடு. பக்கத்து டவுன் பள்ளியில் 210 பேர் எழுதி 168 பேர் தேறினால் 80 சதவீதம், தப்பித்துவிடும். சின்னப் பள்ளியில் தவறியவர்கள் 6 பேர், பெரிய பள்ளியில் 42 பேர். சின்னப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கே 4.5 சதவீதம், இரண்டு பேருக்கு அம்மை போட்டாலே பள்ளியின் மானம் போய்விடும். மூன்று ஆண்டுகளைச் சேர்த்து ஒரே சதவீதமாகப் பார்ப்பதும், சதவீதத்தோடு தலைக்கணக்கையும் பார்ப்பதும்தான் இதற்கு மருந்து. இரண்டுமே எக்செல்லில் பத்து நிமிட வேலை.

இரண்டாவது, வகுக்கும் எண். தேர்வு எழுதியவர்களில் தேறியவர்கள் என்றுதான் சதவீதம் போடுகிறோம். ஒன்பதாம் வகுப்பில் 80 பேர் இருந்தார்கள். பத்தாம் வகுப்புப் பெயர்ப் பட்டியலில் 68. தேர்வு அறைக்கு வந்தது 63. தேறியது 60 என்றால் 95 சதவீதம், பாராட்டுச் சான்றிதழ். 80 பேரில் 60 என்று கணக்குப் போட்டால் 75. தவறிய மூன்று பேரை விடுங்கள், நடுவில் போன பதினேழு பேர் எங்கே? ஒன்பதில் நிறுத்தப்பட்டவர், டிசி வாங்கிக்கொள்ளச் சொல்லப்பட்டவர், தேர்வுக்கு வராதவர். 2023 மார்ச்சில் பிளஸ் டூ தமிழ்த் தேர்வன்று மாநிலம் முழுக்க சுமார் 50 ஆயிரம் பேர் வரவில்லை என்றதும் பெரிய செய்தியானது. ஆண்டுக்கணக்கில் வகுப்புக்கே வராத பெயர்கள் பட்டியலில் ஏறிக்கொண்டே வந்தது அப்போதுதான் வெளியே தெரிந்தது.

மூன்றாவது, நேரம். மே மாத ரிசல்ட் ஒரு பிரேதப் பரிசோதனை. ஆறாம் வகுப்பில் எழுத்துக் கூட்டத் தெரியாமல் நுழைந்த பிள்ளைக்கு என்ன ஆனது என்பதை ஐந்து வருடம் கழித்துச் சொல்கிறது.

இதே சிக்கலோடு அமெரிக்க மாநிலங்கள் இருபது வருடத்துக்கு மேலாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கின்றன. அவர்கள் பட்ட பாடு நமக்குப் பயன்படும். 2002இல் கையெழுத்தான அவர்களது பழைய சட்டம், 2014க்குள் எல்லாப் பிள்ளைகளும் தேர்ச்சி நிலைக்கு வந்தாக வேண்டும் என்றது. நூறு சதவீதம் என்று சுவரில் எழுதினால் என்ன ஆகுமோ அது ஆனது: தோற்ற பள்ளிகளின் பட்டியல் நீண்டுகொண்டே போய்ப் பொருளில்லாமல் போனது. 2015 டிசம்பரில் ‘எவ்ரி ஸ்டூடன்ட் சக்சீட்ஸ்’ சட்டம் அதை மாற்றியது. ஏழைப் பிள்ளைகளுக்கான ஒன்றிய நிதி பெறும் பள்ளிகளில் அடிமட்ட 5 சதவீதத்தையும், பள்ளிப் படிப்பை முடிப்போர் விகிதம் மூன்றில் இரண்டு பங்குக்குக் கீழே உள்ள உயர்நிலைப் பள்ளிகளையும் மூன்று ஆண்டுக்கு ஒரு முறையாவது மாநிலம் அடையாளம் காண வேண்டும். மொத்தத்தில் நன்றாக இருந்தாலும் ஒரு குறிப்பிட்ட பிரிவுப் பிள்ளைகள் பின்தங்கினால் அந்தப் பள்ளி தனிப் பட்டியலில் வரும். கறுப்பினத்தவர், மாற்றுத்திறனாளிகள், வீட்டில் வேறு மொழி பேசுவோர் என்று பிரிவுகள்.

நமக்கு வேண்டிய நுணுக்கங்கள் அதற்குள்தான் இருக்கின்றன. 95 சதவீதப் பிள்ளைகள் தேர்வு எழுதியாக வேண்டும். பலவீனமான பிள்ளையை வீட்டில் நிறுத்திச் சதவீதத்தை ஏற்றும் வழிக்கு அது ஒரு தாழ்ப்பாள். ஒரு பிரிவில் குறைந்தபட்சம் இத்தனை பேர் இருந்தால்தான் கணக்கில் எடுப்போம் என்று மாநிலம் ஓர் எண் வைக்கும். சின்னப் பள்ளிச் சிக்கலுக்கு அது. தேர்வு மதிப்பெண்ணோடு, நெடுநாள் பள்ளிக்கு வராதோர் விகிதம் போன்ற ஒரு குறியீட்டையும் சேர்க்க வேண்டும். முக்கியமாக, பட்டியலில் வந்த பள்ளிக்கென்று மாநிலம் தன் ஒன்றிய நிதியில் 7 சதவீதத்தை முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டும். பள்ளியோடு உட்கார்ந்து தேவையை ஆராய்ந்து திட்டம் போட வேண்டும். வெளியே வருவதற்கான நிபந்தனையையும் எழுதி வைக்க வேண்டும்.

அங்கே எல்லாம் சுபம் என்று சொல்லவில்லை. அடிமட்ட 5 சதவீதம் என்பதும் 38ஆவது இடம் போலத்தான், எப்போதும் யாராவது இருப்பார்கள். இதற்கு முந்தைய ஒரு திட்டத்தில் நலிந்த பள்ளிகளுக்குச் சுமார் 700 கோடி டாலர் கொட்டிவிட்டு, 2017இல் வந்த அரசு ஆய்வறிக்கையில் வாசிப்பிலும் கணிதத்திலும் குறிப்பிடத்தக்க தாக்கம் இல்லை என்று படித்தார்கள். பணம் போனது, பாடம் நடத்தும் முறை அதே இடத்தில் இருந்தது. இருந்தாலும் பட்டியலும் உதவியும் ஒரே சட்டத்தில் இருக்கிற அந்த ஏற்பாட்டுக்காக நான் பொறாமைப்படுகிறேன்.

இங்கே பெரிய வளம் பணமில்லை, ஆசிரியர். அதைப் பங்கிடும் விதி நலிந்த பள்ளிக்கு நேர் எதிராக ஓடுகிறது.

ஆகஸ்ட் 1ஆம் தேதி மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பணியிடம் நிர்ணயம் செய்வார்கள். தொடக்கப் பள்ளிக்குக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை: 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர், 61 முதல் 90 வரை 3, 91 முதல் 120 வரை 4, அதற்கு மேல் 200 வரை 5. இப்போது 62 பிள்ளைகள் உள்ள ஒரு பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று ஆசிரியர், ஐந்து வகுப்பு. வேன் அனுப்பும் தனியார் பள்ளிக்கு ஜூனில் இரண்டு குடும்பம் போய்விட்டால் எண்ணிக்கை 60. மூன்றாவது ஆசிரியர் ‘உபரி’. பணி நிரவலில் வேறு ஒன்றியத்துக்குப் போவார். இனி இரண்டு பேர் ஐந்து வகுப்புக்கு. அதில் ஒருவர் பயிற்சிக்கோ வாக்காளர் பட்டியல் வேலைக்கோ போகும் நாளில் ஒருவர்தான். ஊர் இதைப் பார்க்கும். அடுத்த ஜூனில் இன்னும் நான்கு குடும்பம் போகும். இந்தச் சரிவுக்கு எந்த அலுவலரும் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. விதி தன் வேலையைச் சரியாகச் செய்தாலே போதும். 61, 91, 121 என்ற வாசல் எண்களுக்கு இரண்டு மூன்று பிள்ளைகள் மேலே நிற்கும் பள்ளிகளை மே மாதமே குறித்து வைத்துச் சேர்க்கைக்கு உதவினால் செலவே இல்லாமல் ஓர் ஆசிரியரைக் காப்பாற்றலாம். ஆகஸ்ட் 5ஆம் தேதி வந்து சேரும் பிள்ளை அந்த வருடக் கணக்கில் சேராது.

உயர்நிலைப் பள்ளியில் வேறு வகை. தமிழ், ஆங்கிலம், கணிதம், அறிவியல், சமூக அறிவியல் என்று ஐந்து பட்டதாரி ஆசிரியர் உள்ள பள்ளியில் ஓர் இடம் காலியானால் ஒரு பாடமே காலி. வட மாவட்டங்களில் இது பழைய நோய். தெற்கிலிருந்து முதல் பணி நியமனத்தில் இங்கே வருபவர்கள் கலந்தாய்வில் வாய்ப்புக் கிடைத்ததும் சொந்த ஊர்ப் பக்கம் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. காலியிடம் நிரம்ப ஒரு பருவம் போகும், சில நேரம் ஓர் ஆண்டு. பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம் பக்கத்து உருது வழிப் பள்ளிகளில் இன்னும் சிரமம்: உருது வழியில் படித்து, பட்டமும் பயிற்சியும் முடித்து, இடஒதுக்கீட்டு இனச்சுழற்சிக்கும் பொருந்தும் ஆள் கிடைப்பது அரிது.

இதற்கிடையில், அணைக்கட்டு ஒன்றியத்தின் பீஞ்சமந்தை, ஜார்தான்கொல்லை போன்ற மலை ஊராட்சிகளையும் ஆதிதிராவிடர் குடியிருப்புகளையும் சேர்ந்த பிள்ளைகளில் பலர் படிப்பது வேறு துறையின் பள்ளிகளில். ஆதிதிராவிடர் நலப் பள்ளி, பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி இவற்றின் ஆசிரியர் நியமனமும் கட்டடமும் அந்தத் துறை கையில்; தேர்ச்சிப் பட்டியல் மட்டும் கல்வித் துறை கையில். கேள்வி ஓர் அலுவலகம் கேட்கும், பதில் இன்னோர் அலுவலகத்தில் இருக்கும். எல்லாத் துறைப் பள்ளிகளையும் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் கொண்டுவருவதாக 2023 பட்ஜெட்டில் அறிவிப்பு வந்தது.

அரசு அடையாளம் காணும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஜூலை மாதத்தில் ஒரு பள்ளி மேலாண்மைக் குழுவும் தலைமை ஆசிரியரும் சேர்ந்தால் தங்கள் பள்ளியைத் தாங்களே படம் பிடித்துவிடலாம். சட்டப்படி இந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். 2024இல் தமிழ்நாட்டில் 24 பேர் கொண்டதாகப் புதுப்பித்தார்கள். கல்வித் துறையின் எமிஸ் தகவல் தளத்தில் இருக்கும் எண்களே பெரும்பாலும் போதும்.

முதலில் வாசிப்பு. ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த ஒவ்வொரு பிள்ளையையும் தனித்தனியாகக் கூப்பிட்டு, மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் மனப்பாடம் ஆகியிருக்காத ஒரு பத்தியைக் கொடுங்கள். பிறகு 52லிருந்து 27ஐக் கழிக்கச் சொல்லுங்கள். 84ஐ நாலால் வகுக்கச் சொல்லுங்கள். ஒரு பிள்ளைக்கு நாலு நிமிடம். 70 பிள்ளைகளுக்கு 280 நிமிடம். மூன்று ஆசிரியர் பகிர்ந்தால் ஆளுக்கு ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. எழுத்து தெரியாதவர், சொல் வரை வருபவர், வரி வாசிப்பவர், பத்தி வாசிப்பவர் என்று நாலு குவியல். எழுத்துத் தேர்வாக வகுப்பு முழுக்க வைத்தால் பக்கத்துப் பெஞ்சைப் பார்த்து எழுதிவிடுவார்கள், எல்லாரும் வரி வாசிப்பவர் ஆகிவிடுவார்கள். வீட்டில் என்ன மொழி என்பதையும் குறியுங்கள். குடியாத்தம், காட்பாடியின் ஆந்திர எல்லை ஓரத்தில் தெலுங்கும், பேர்ணாம்பட்டில் உருதும் பேசும் பிள்ளை தமிழ்ப் பத்தியில் திணறுவதற்கும், தமிழ் வீட்டுப் பிள்ளை திணறுவதற்கும் மருந்து ஒன்றில்லை.

இந்த வேலைக்கு அரசுத் திட்டமே இருக்கிறது. ஒன்று முதல் மூன்று வரை 2022இல் தொடங்கி, பிறகு ஐந்தாம் வகுப்பு வரை வந்த ‘எண்ணும் எழுத்தும்’ பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரிக்கிறது. 6 முதல் 9 வரைக்கு 2025-26இல் ‘திறன்’ வந்தது. இரண்டின் அடிப்படையும் சரி: வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்த்துக் குழு பிரி, தினமும் நேரம் ஒதுக்கு, திரும்பச் சோதி. கெட்டுப்போகும் இடங்களும் தெரிந்தவையே. நிலையைச் செயலியில் ஏற்றும்போது, அரும்பு அதிகமிருந்தால் மேலிருந்து கேள்வி வரும் என்று பயந்து ஆசிரியர் மொட்டு என்று பதிவார். அந்த நிமிடத்தோடு அந்தப் பிள்ளைக்கு உரிய பாடம் போய்விட்டது. இன்னொரு பக்கம், வளர்ச்சி காட்ட வேண்டுமென்று தொடக்க நிலையை வேண்டுமென்றே தாழ்த்திப் போடுவதும் நடக்கும். குறைதீர் வகுப்பை மாலை நாலரைக்குப் பிறகு வைத்தால், ஒடுகத்தூரிலிருந்து மலைக்குப் போகும் பேருந்தைப் பிடிக்க வேண்டிய பிள்ளை இருக்காது. அந்த வகுப்பு யாருக்காகவோ அவர்தான் இல்லாமல் போவார். விளையாட்டுப் பீரியடில் வைத்தால் வெறுப்பு வளரும். காலை முதல் பீரியடே சிறந்தது.

அடுத்து வருகை. ஆண்டுக்கு 220 வேலை நாள் என்றால் பத்தில் ஒரு பங்கு 22 நாள். அதற்கு மேல் வராத பிள்ளைகளின் பெயர்களை மாதவாரியாக எழுதினால் காரணம் தானாக எழுந்து நிற்கும். பொங்கலுக்குப் பிறகு ஒரே தெருவில் ஐந்து பேர் காணாமல் போனால் செங்கல் சூளை. திங்கள்கிழமைகளில் மட்டும் குறைந்தால் வேறு கதை. பீடிக் கட்டு ஒப்படைக்கும் நாளில் பெண் பிள்ளைகள் மட்டும் குறைந்தால் அது இன்னொரு கதை. பள்ளி முழுவதற்குமான ‘சராசரி வருகை 91 சதவீதம்’ என்ற எண் இதையெல்லாம் மூடி மறைத்துவிடும்.

பத்தாம் வகுப்புக்கு, செப்டம்பர் காலாண்டுத் தேர்வு முடிந்ததும் ஓர் அட்டவணை போதும்: இடப்பக்கம் பெயர், மேலே ஐந்து பாடம், 35க்குக் கீழே உள்ள கட்டத்தில் சிவப்பு. சிவப்பு ஒரே பாடத்தின் கீழே மேலிருந்து கீழாக இறங்கினால் சிக்கல் அந்தப் பாடத்தில்: ஆசிரியர் இல்லை, அல்லது தாமதமாக வந்தார், அல்லது நடத்தும் விதம் சரியில்லை. சிவப்பு ஒரே பிள்ளைகளின் வரிசையில் இடமிருந்து வலமாக ஓடினால் சிக்கல் வாசிப்பிலோ வருகையிலோ இருக்கிறது. அங்கே ஐந்து ஆசிரியருக்கும் மெமோ கொடுப்பது வீண். ஆய்வுக் கூட்டங்களில் நேரம் போவது பெரும்பாலும் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான்.

தேறுவதற்கு மட்டும் போதுமான சுருக்கக் குறிப்பான ‘மினிமம் மெட்டீரியல்’ பற்றி ஒரு வார்த்தை. கணித வினாத்தாளில் ஒரு மதிப்பெண் வினாக்கள் 14, செய்முறை வடிவியலும் வரைபடமும் தலா 8. ஆக 30 மதிப்பெண் அதிகம் யோசிக்காமலே கைக்கு வரக்கூடியது. இரண்டு மதிப்பெண் வினாவில் மூன்று சரியாக இருந்தால் 36, கரையேறியாயிற்று. இதைக் கேலி செய்பவர்கள் உண்டு. பத்தாவது தேறாத பெண்ணுக்கு அடுத்த மாதமே மாப்பிள்ளை பார்க்கும் வீடுகளில் அந்த 36க்கு என்ன மதிப்பு என்று அவர்கள் யோசிப்பதில்லை. ஆனால் அது ஜனவரி மாதத்து வேலை. ஜூனிலேயே அதை ஆரம்பிக்கும் பள்ளி, ஏழு மாதத்தையும் அந்தப் பிள்ளையின் பிளஸ் ஒன்னையும் சேர்த்து விற்றுவிடுகிறது.

படம் கிடைத்த பிறகு கேட்க வேண்டும். கேட்பதற்கான கருவி பள்ளி மேம்பாட்டுத் திட்டம். கல்வி உரிமைச் சட்டம் 22ஆம் பிரிவு இதைக் குழுவின் கையில் கொடுத்திருக்கிறது. “ஆசிரியர் தேவை, சுற்றுச்சுவர் தேவை, கழிப்பறை தேவை” என்று எழுதும் தீர்மானம் எங்கும் போகாது. இப்படி எழுதிப் பாருங்கள்: “கணிதப் பட்டதாரி ஆசிரியர் பணியிடம் இந்தத் தேதி முதல் காலி. 9, 10 வகுப்புகளில் 64 மாணவர்கள். காலாண்டில் கணிதத்தில் மட்டும் தவறியவர்கள் 19. காலியிடம் நிரம்பும் வரை பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர் நியமிக்க அனுமதியும் நிதியும் கோரப்படுகிறது.” இந்த வழி 2022 முதல் இருக்கிறது, இடைநிலை ஆசிரியருக்கு மாதம் 12,000, பட்டதாரிக்கு 15,000, முதுகலைக்கு 18,000 ரூபாய் என்று தொகுப்பூதியம். குறை உண்டு: இந்தச் சம்பளத்துக்கு மலைப் பள்ளிக்கு யார் வருவார்? வந்தவருக்குச் சம்பளம் தாமதமானால் ஜனவரியில் நின்றுவிடுவார். அதனால் முடிந்தவரை நடந்து வரும் தூரத்தில் ஆள் தேடுங்கள்.

பள்ளி மானியத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட விதிப்படி 30 பிள்ளைகள் வரை 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, ஆயிரம் வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். இதில் பத்தில் ஒரு பங்காவது தூய்மைக்கு. கரன்ட் பில், சாக்பீஸ், பதிவேடு, கழிப்பறைப் பினாயில் என்று போகப் பத்தாயிரம் எங்கே நிற்கும்? இங்கேயும் தலைக்கணக்குத்தான், தேவைக் கணக்கு இல்லை. போதாக்குறைக்கு, ஒன்றிய அரசின் பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத் தகராறில் இந்த ஒருங்கிணைந்த திட்டத்தின் 2024-25க்கான சுமார் 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்திவைக்க, 2025 மே மாதம் தமிழ்நாடு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. கட்டடம், மேசை போன்றவற்றுக்கு ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர் பள்ளி’ தளத்தில் பதிவது பலன் தரும். பழைய மாணவர்களும் நிறுவனங்களும் ஸ்மார்ட் போர்டு வாங்கித் தரத் தயாராக இருப்பார்கள். கணித ஆசிரியரை யாரும் நன்கொடையாகத் தரமாட்டார்கள்.

தீர்மானத்தைச் செயலியில் ஏற்றுவதோடு நிறுத்தாமல், ஒரு நகலை வட்டாரக் கல்வி அலுவலகத்திலோ மாவட்டக் கல்வி அலுவலகத்திலோ கொடுத்து, தேதி முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். ஒரு மாதம் அசைவு இல்லையென்றால் திங்கள்கிழமை சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டம். அதற்கும் பதில் இல்லையென்றால் 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமை மனு: “இன்ன தேதியிட்ட தீர்மானத்தின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கைக் கோப்பின் நகல்” என்று மட்டும் கேளுங்கள். “ஏன் ஆசிரியர் போடவில்லை?” என்று கேட்டால், அது தகவல் இல்லை, விளக்கம் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். 30 நாளில் பதில் வர வேண்டும்.

தீர்மானத்தை மக்கள் கூடும் சபைக்கும் கொண்டுபோகலாம்: வேலூர் மாநகராட்சி எல்லைக்குள் இருப்பவர்களுக்குப் பகுதி சபை, ஊராட்சிகளில் இருப்பவர்களுக்குக் கிராம சபை. ஆகஸ்ட் 15 கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்னதாக ஊராட்சிச் செயலரிடம் எழுதிக் கொடுத்தால் பொருள் நிரலில் தனி எண்ணோடு ஏறும். அன்று காலையில் எழுந்து நின்று பேசினால், ‘இதர பொருள்கள்’ என்ற தலைப்பின் கீழ் ஒரு வரியாக எழுதிக்கொள்வார்கள்.